டிராக்கில் ஓட்டிப் பழக 160 குதிரைத்திறன் கார் வேண்டுமா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் 34 வயது வாசகர் நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தரும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கல்லூரி நாட்களிலிருந்தே கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்ப் பந்தயம் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. போட்டியில் இறங்க வேண்டும் என்ற எண்ணமில்லை. ஆண்டுக்கு நாலைந்து முறை, யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று டிராக் திறந்துவிடப்படும் நாட்களில், அதாவது டிராக் டேக்களில், போய் ஆசை தீர ஓட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று 5 லட்சம் சேர்த்திருக்கிறார். நண்பர் ஒருவர், "நூறு குதிரைத்திறனுக்குக் கீழே உள்ள வண்டியைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள்" என்று சொல்லி, பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஸ்கோடா லாரா 1.8 டர்போ பெட்ரோல் காரைக் காட்டியிருக்கிறார். அது 160 குதிரைத்திறன் வண்டி. இன்னொரு பக்கம், உறவினர் ஒருவரின் 2009 ஸ்விஃப்ட் பெட்ரோல் மலிவாக வருகிறது. அதில் ஏபிஎஸ்ஸும் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இல்லை, ஏர்பேக்கும் இல்லை. ஸ்விஃப்ட்டை வாங்கினால் பின் சீட்டைக் கழற்றி, உள்ளே ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்க் கூடு) வைத்து, என்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதித் தருகிறேன் என்று ஒரு ஒர்க்‌ஷாப்காரர் சொல்கிறாராம். அதே வண்டியில் தினமும் ஆபீசுக்கும் போய்வரலாம் என்பது இவருடைய கணக்கு. வீட்டில் இருக்கும் காரையே டிராக்குக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்கிறார்.

இதற்கிடையே, "கை பழக வேண்டுமே" என்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு அவினாசி பக்கம் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிப் பார்க்கிறார். "முழு இன்சூரன்ஸ் இருப்பதால் பயமில்லை" என்றும் ஒரு வரி. கடைசிப் பத்தி இது: "நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிற வீட்டில் இது தேவையா என்று மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

அன்புள்ள நண்பருக்கு,

காரின் என்ஜின் சத்தத்தைத் தூரத்தில் கேட்டே கியர் மாற்றும் இடத்தைச் சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் உங்கள் ஆசை எப்படிப்பட்டது என்று புரிந்துகொண்டேன். வாகனப் பொறியாளராகவும் ஓட்டுநர் பயிற்சியாளராகவும் இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் ஆசைப்படுவதில் தவறே இல்லை. 5 லட்சத்தில் நன்றாகவே செய்யலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று நான்கு நம்பிக்கைகளை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். அதில் ஒன்றை இன்றைக்கே நிறுத்த வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விடியற்காலை நெடுஞ்சாலை

தம்பி என்று உரிமையோடு அழைத்துச் சொல்கிறேன், அதை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் வேன்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகின்றன என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். பால்காரர், சென்டர் மீடியன் இடைவெளியில் புகுந்து வரும் மொபெட், முதல் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் குறுக்கே கடக்கும் அம்மா என்று எல்லோரும் அந்த அரை இருட்டில்தான் இருக்கிறார்கள். மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடியில் 33 மீட்டர் கடந்துவிடும். ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகும் முன்பே அவர் இருக்கும் இடம் வந்துவிடும்.

சட்டமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வண்டிகளுக்கு இடையே பந்தயம் ஓட்டுவதையும் வேகம் சோதித்துப் பார்ப்பதையும் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஒரு வருடம் வரை போகும். நீங்கள் தனியாக ஓட்டினாலும் வேக வரம்பைத் தாண்டுவது குற்றம்தான்.

இன்னொன்று, அந்த ஓட்டத்தில் நீங்கள் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. நேர் ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்க யாராலும் முடியும். டிராக்கில் கற்க வேண்டியதெல்லாம் பிரேக்கை எங்கே, எவ்வளவு அழுத்துவது, எங்கே விடுவது, வளைவில் பார்வையை எங்கே வைப்பது என்பதுதான். அவினாசி ரோட்டில் இதில் ஒன்றையும் பழக முடியாது.

குதிரைத்திறன் கணக்கு

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் பந்தயம் பார்க்கப் போகும் அந்த டிராக் யார் பெயரில் இருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். கரிவர்தன் என்ற கோவைக்காரர், 1995இல் விமான விபத்தில் இறந்துபோனவர், மாருதி 800 காரின் என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அன்றைய மாருதி 800இல் அந்த 796 சிசி என்ஜின் தந்தது 40 குதிரைத்திறனுக்கும் குறைவுதான். நம் ஊர்ப் பையன்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு பந்தயக் கார் வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில், அந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் அவர் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். நூறு குதிரைத்திறனுக்குக் கீழே உள்ள வண்டியைப் பார்த்து அந்த டிராக்கில் யாராவது சிரித்தால், தாங்கள் நிற்கும் இடத்தின் வரலாறு அவர்களுக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

பலம் குறைந்த வண்டி நன்றாகக் கற்றுக்கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வளைவுக்குள் தவறாக நுழைந்து வேகத்தை இழந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். 160 குதிரைத்திறன் வண்டியில் வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது இழுத்துக்கொண்டு போய்விடும், தவறு மறைந்துவிடும். 80 குதிரைத்திறன் வண்டியில் இழந்த 10 கிலோமீட்டர் வேகம் அடுத்த வளைவு வரைக்கும் திரும்பி வராது. மூன்றாம் கியரில் என்ஜின் முக்கிக்கொண்டே வரும். அந்த முக்கலே உங்களுக்கு வாத்தியார். இரண்டு மூன்று சுற்றில் நீங்களாகவே சீக்கிரம் பிரேக் போட்டு, மெதுவாக உள்ளே போய், சீக்கிரம் ஆக்சிலரேட்டரில் காலை வைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கரி மோட்டார் ஸ்பீட்வேயின் மொத்த நீளமே 2.1 கிலோமீட்டர். பெரிய என்ஜின் மூச்சு விட்டுக்கொள்ள அங்கே நீளமான இடம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.717 கிலோமீட்டர். அங்கே நேர்ப்பாதையில் பெரிய கார்கள் உங்களைத் தாண்டிப் போகும், போகட்டும். கண்ணாடியில் பார்த்து வழிவிடப் பழகுவதும் பயிற்சிதான்.

அடுத்தது செலவு. லாராவில் நீங்கள் உட்கார்ந்தால் மொத்த எடை 1,400 கிலோவை எட்டிவிடும். ஸ்விஃப்ட் போன்ற வண்டி உங்களோடு சேர்ந்து 1,030 கிலோ அளவில் நிற்கும். லாரா மணிக்கு 150இல் வந்து பிரேக் போடும் இடத்துக்கு ஸ்விஃப்ட் 120இல் வரும் என்று வைத்துக்கொண்டால், லாராவின் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஸ்விஃப்ட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஆற்றல் முழுதும் சூடாகி டிஸ்க்கிலும் பேடிலும் இறங்குகிறது. டயரும் அதே கணக்கில் தேயும். லாராவின் டிஸ்க், பேட், டயர் ஒவ்வொன்றும் விலை கூடியவை, தேய்வதும் வேகமாகத் தேயும். 5 லட்சமும் வண்டிக்கே போய்விட்டால், இரண்டாவது டிராக் டேக்கு உங்களிடம் பணம் இருக்காது. இப்படி ஆசையாக வாங்கிய பெரிய கார் தார்ப்பாய்க்குள் நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த வண்டி?

உறவினரின் 2009 ஸ்விஃப்ட்டை நான் வேண்டாம் என்பேன். மாடல் சரியானதுதான், 1.3 லிட்டர் என்ஜினும் நல்ல என்ஜின்தான். ஆனால் 15 வருடம் தாண்டிவிட்டதால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இதே வேலை. அதைவிட முக்கியம், ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இல்லாதது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனைகளில், இந்தியாவில் விற்ற ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதே வருடம் இரண்டு ஏர்பேக்கோடு சோதித்த ஃபோக்ஸ்வாகன் போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஒரு குழந்தையின் அப்பாவுக்கு இந்தத் தகவலை மறைத்து நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

அதனால் என் முதல் தேர்வு, 2012க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல். மேனுவல் கியர், ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் உள்ள மேல்வகை. 1,197 சிசி, 85 குதிரைத்திறன் அளவு, ஆயிரம் கிலோவுக்குள் எடை. டைமிங் செயின் உள்ள என்ஜின் என்பதால் பெல்ட் அறுந்துபோகும் கவலை இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டியின் மூக்கு, சொன்ன பேச்சைக் கேட்கும். பார்ட்ஸ் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், திருப்பூரில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். மூன்று லட்சத்துக்கு மேல் போகாதீர்கள்.

இரண்டாவது, 2014க்குப் பிறகு வந்த போலோ 1.2 பெட்ரோல். மூன்று சிலிண்டர், 75 குதிரைத்திறன், பிக்கப் மந்தம். ஸ்விஃப்ட்டைவிடக் கனம், பார்ட்ஸ் விலையும் கூடுதல். ஆனால் பாடி கெட்டி, வேகத்தில் ரோட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும் குணம் உண்டு. நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஆல்டோ கே10 பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 750 கிலோ அளவு எடையில் 68 குதிரைத்திறன், ஓட்டுவதற்கு அத்தனை உற்சாகமான வண்டி. இருந்தாலும் பாதுகாப்பு காரணத்தால் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பழைய ஹோண்டா சிட்டி விடெக் எல்லோருக்கும் கனவு. துருவும் பார்ட்ஸ் தட்டுப்பாடும் சேர்ந்து முதல் வண்டியாக வாங்குகிறவரைச் சோர்வடைய வைத்துவிடும். டீசல் எதுவும் வேண்டாம், என்ஜின் கனத்தில் வண்டியின் மூக்கு பாரமாகிவிடும்.

வீட்டுக் காரையே கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. திங்கட்கிழமை குழந்தையைப் பள்ளியில் விட வேண்டிய வண்டியை ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் வைத்து ஓட்டினால், மனதில் ஒரு பாதி அந்தத் திங்கட்கிழமையிலேயே இருக்கும்.

வாங்கப் போகும்போது பானட்டைத் திறந்ததும் என்ஜினைப் பார்க்காதீர்கள். முதலில் முன் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயிண்ட் சிதைந்து ஸ்பானர் தடம் இருந்தால் வண்டி எங்கேயோ இடி வாங்கியிருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டைத் தடவுங்கள். கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கும், டிங்கரிங் செய்த இடம் கைக்கே தெரியும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியில் சேறு மடிப்புகளில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 3521 என்றால் 2021ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்த டயர். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அது டிராக்குக்கு ஆகாது, ரப்பர் இறுகியிருக்கும். பெயின்ட்டில் கீறல், ஓட்டை மியூசிக் சிஸ்டம், கிழிந்த சீட் கவர் இதற்கெல்லாம் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அவை நமக்குக் குறையே இல்லை. பணம் கொடுத்ததும் 29, 30ஆம் படிவங்களைக் கையோடு முடித்துப் பெயர் மாற்றிவிடுங்கள். "புரோக்கர் பார்த்துக்கொள்வார்" என்று விட வேண்டாம்.

மிச்சம் இரண்டு லட்சம்

இதில் முதல் செலவு பிரேக்குக்கு. நான் இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் இருபதுகளில், மே மாத வெயிலில், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பழைய மாருதி எஸ்டீமை ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் இரண்டு முறை ஓட்டி முடித்திருந்தேன், மூன்றாவது முறை இறங்கியிருந்தேன். நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை அழுத்தினால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி அழுத்தினேன், இன்னும் உள்ளே போனது. கியரைக் குறைத்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, வளைவைத் தாண்டி வெளியே உள்ள மண்ணில் போய் நின்றேன். இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து புகையும் எரிந்த வாசனையும். பேடில் குறையில்லை, டிஸ்க்கிலும் குறையில்லை. மூன்று வருடமாக மாற்றாத பிரேக் ஆயில்தான் காரணம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவியை அழுத்தினால் பெடல் பஞ்சுதான். முந்தைய வாரம் வண்டியைப் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் "பிரேக் எல்லாம் ஓகே சார்" என்று சொல்லியிருந்தார்கள். நானும் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு டிராக் டேக்கும் முன்னால் புது டாட் 4 ஆயில் ஊற்றி, பக்கத்தில் நின்று பிளீடிங் (குழாயில் உள்ள பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்யுங்கள். சீல் உடைக்காத புட்டியாக இருக்கட்டும். முன் பேட் புதிதாக மாற்றி, 200 கிலோமீட்டராவது ரோட்டில் பதமாக ஓட்டி உட்கார வைத்துக் கொண்டுபோங்கள். என்ஜின் ஆயில், கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், சஸ்பென்ஷன் கீழ்க்கையின் புஷ், பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். நாலும் புது டயர். அகலத்தைக் கூட்ட வேண்டாம், கம்பெனி அளவே போதும். பிடிமானம் கொஞ்சம் குறைவாக இருந்தால் வண்டி எப்போது வழுக்க ஆரம்பிக்கிறது என்பது குறைந்த வேகத்திலேயே தெரியும். அதுதான் உங்களுக்கு வேண்டும். சில மாதம் கழித்து இரண்டை மட்டும் மாற்றும் நிலை வந்தால் நல்ல ஜோடியைப் பின்னால் போடுங்கள். முன் சக்கர இழுவை வண்டிக்கு முன்னால்தான் நல்ல டயர் என்று கடைக்காரர் சொல்வார். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வீசும். அப்போது காப்பாற்றப் போவது பின் டயர்தான்.

ஸ்பாய்லர், பெரிய சைலன்சர், அலாய் வீல் எதுவும் வேண்டாம். உங்கள் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் முழு முகக் கவசத் தலைக்கவசம் ஒன்று, எந்தத் தரத்தில் வேண்டும் என்று டிராக் டே நடத்துகிறவர்களிடம் கேட்டு வாங்குங்கள். முழுக்கைப் பருத்தி உடை போடுங்கள். சூட்டில் பாலியெஸ்டர் உருகி உடம்பில் ஒட்டும் என்று துணித் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அரை நாள் ஓட்டுவதற்குப் பணம் ஒதுக்குங்கள். ஒர்க்‌ஷாப்காரர் சொல்லும் கம்ப்யூட்டர் மாற்றத்துக்கு ஆகும் செலவில் அதைச் செய்யலாம். உங்கள் சுற்று நேரம் குறையப்போவது பயிற்சியால்தான்.

ரோல் கேஜ் வைத்து ஆபீசுக்குப் போவது

இங்கே இரண்டு ஆபத்து. முதலாவது உடம்புக்கு. ரோல் கேஜ் என்பது தலைக்கவசமும் பந்தயச் சீட்டும் பல முனை பெல்ட்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. தலைக்கவசம் இல்லாமல் சாதாரண பெல்ட்டோடு ரோட்டில் ஓட்டினால், சின்ன மோதலிலும் உங்கள் தலை போய் இடிக்கப்போவது அந்த இரும்புக் குழாயில்தான். ஒருநாள் அவசரத்துக்குக் குழந்தையை அந்த வண்டியில் ஏற்ற வேண்டிவரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது சட்டம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பின் சீட்டை எடுத்தால் இருக்கை எண்ணிக்கையே மாறிவிடுகிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கேஜ் வைத்த வண்டிதான் வேண்டும் என்றால் அதை ரோட்டில் ஓட்டாமல் லாரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அது போட்டிக்குப் போகிறவர்கள் வழி. உங்களுக்கு ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைத்துவிட்டு ஓட்டுவதே போதும். எடையும் குறையும், யாரும் கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் காப்பாற்றுமா?

உங்கள் பாலிசித் தாளை எடுத்து, எந்தப் பயன்பாட்டுக்கு இது செல்லாது என்று சிறிய எழுத்தில் உள்ள பகுதியைப் படியுங்கள். தனியார் கார் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் வாசகம் இது: வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வாகனத் தாங்குதிறன் சோதனை. டிராக் டே என்பது பந்தயம் இல்லையே என்று வாதாடலாம். கிளெய்ம் வரும்போது அந்த வாதத்தை நம்பி உட்கார முடியாது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் டிராக்கில் வண்டிக்கு ஆகும் சேதம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். தடுப்புச் சுவரில் இடித்தால் அதன் செலவையும் உங்களிடம் கேட்கும் நிபந்தனை நுழைவுப் படிவத்தில் இருக்கக்கூடும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூன்று லட்ச ரூபாய் வண்டியைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முழுசாகப் போனாலும் குடும்பம் கடனில் விழாது. கடன் வாங்கி டிராக் கார் வாங்காதீர்கள்.

உங்கள் ஆயுள் காப்பீட்டையும் மருத்துவக் காப்பீட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். ஆபத்தான விளையாட்டுகள், மோட்டார் பந்தயம் பற்றிய கேள்வியும் விலக்கும் அவற்றில் இருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். பிரீமியம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. இதை முடிக்காமல் டிராக்கில் இறங்க வேண்டாம் என்பது என் நிபந்தனை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் கேள்வி

"தேவையா" என்று அவர் கேட்டதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கும் அதே கேள்விதான் எழுந்தது. விடியற்காலை நெடுஞ்சாலையும் கேஜ் வைத்த ஆபீஸ் வண்டியும் 160 குதிரைத்திறனும் சேர்ந்த திட்டம் தேவையில்லை, அவர் பயப்படுவது நியாயம். திட்டத்தை மாற்றினால் கேள்வியும் மாறும். டிராக்கில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகிறது. எதிரே லாரி வராது, குறுக்கே ஆள் வர மாட்டார். ஆம்புலன்ஸ் நிற்கும், கொடி காட்ட ஆள் நிற்பார். ஆபத்து அறவே இல்லை என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள், அது பொய். எந்த ஆபத்துக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று காப்பீட்டுத் தாள்களோடு உட்கார்ந்து சொல்லுங்கள். எவ்வளவு பணம், வருடத்துக்கு எத்தனை நாள் என்பதை இருவரும் சேர்ந்தே முடிவுசெய்யுங்கள். அதற்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றால், செட்டிபாளையம் எங்கும் போய்விடாது. இரண்டு வருடம் கழித்து மறுபடி கேளுங்கள்.

அவர் சம்மதித்தால், முதல் நாள் இப்படிப் போங்கள். முந்தின இரவே காருக்குள் இருப்பதையெல்லாம் காலி செய்யுங்கள். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலோ குழந்தையின் பொம்மையோ உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. டிரைவர் பக்க மிதியடியையும் எடுத்துவிடுங்கள். சீட்டை வழக்கத்தைவிட ஒரு கட்டம் முன்னால் தள்ளுங்கள், பிரேக்கை முழுதாக அழுத்தினாலும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். டயரின் தோளில், அதாவது ரோட்டைத் தொடும் பரப்பு பக்கவாட்டுக்கு வளையும் ஓரத்தில், சாக்பீஸால் சின்னக் கோடுகள் போட்டு வையுங்கள். நாலைந்து சுற்று ஓட்டி வந்து பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று தெரியும். பக்கவாட்டு எழுத்து வரைக்கும் அழிந்திருந்தால் காற்று போதவில்லை. டயர் சூடானதும் காற்றழுத்தம் தானாக ஏறும் என்பதால் ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

முதல் மூன்று சுற்றில் யார் முந்தினாலும் விட்டுவிடுங்கள். ஒரு முறைக்கு ஐந்தாறு சுற்றுக்கு மேல் வேண்டாம். கடைசிச் சுற்றை பிரேக்கையே தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டி வண்டியை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

பிறகு உங்கள் நோட்டை எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், நாலு டயரின் எண்களையும் பார்த்துவிட்டு அடுத்த முறை எவ்வளவு காற்று வைப்பது என்று எழுதுகிறேன்.